போர்ட் விழுந்ததை யார் முதலில் சொல்வது? லிப்ரெஎன்எம்எஸ், ஜாபிக்ஸ், புரோமீதியஸ்

ரவுட்டரில் ஒரு போர்ட் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எதற்கு இத்தனை மென்பொருள்? எஸ்என்எம்பியில் (நெட்வொர்க் சாதனங்களிடம் நிலவரம் கேட்கும் வழி) 1.3.6.1.2.1.2.2.1.8 என்ற ஓஐடியை (கேட்கும் விவரத்தின் அடையாள எண்) கேட்டால் போதும். இது ஆபர் நிலை, அதாவது போர்ட் உண்மையில் ஓடுகிறதா என்பது. 1 வந்தால் அப், 2 வந்தால் டவுன். பக்கத்திலேயே 7-இல் முடியும் இன்னொன்று இருக்கிறது. அது அட்மின் நிலை, அதாவது நாமே ஷட் போட்டு வைத்திருக்கிறோமா என்பது. இரண்டுமே 2 என்றால் யாரோ தெரிந்து மூடியது, விட்டுவிடலாம். அட்மின் 1, ஆபர் 2 என்றால்தான் நாம் எழுந்து உட்கார வேண்டும்.

நான் ஓட்டிப் பார்த்த இந்த மூன்று கண்காணிப்பு மென்பொருள்களும் கேட்பது இதே கேள்வியைத்தான். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கேட்கின்றன, பதில் வந்ததும் யாரை எழுப்புகின்றன என்பதில்தான் பிரிகின்றன.

லிப்ரெஎன்எம்எஸ் 2013-இல் அப்சர்வியம் என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. ரவுட்டரின் ஐபியும் கம்யூனிட்டியும் (எஸ்என்எம்பிக்குக் கடவுச்சொல் மாதிரி) கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் எல்லாப் போர்ட்டும் கிராஃபோடு நிற்கும். இன்டர்ஃபேஸ் டிஸ்கிரிப்ஷனை 'டிரான்சிட்:', 'கஸ்ட்:' என்று தொடங்கி எழுதி வைத்திருந்தால் அதைப் படித்துத் தானாகவே வகை பிரித்துக்கொள்ளும். டிஸ்கிரிப்ஷன் எழுதாமல் ஓட்டும் ஆட்களைத் திருத்த இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை. குறை, இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் கேட்கும். நடுவில் லிங்க் 20 விநாடி விழுந்து எழுந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. 1 நிமிடத்துக்கு மாற்றலாம். ஆனால் ஏற்கெனவே சேர்ந்த ஆர்ஆர்டி கோப்புகளையும் (கிராஃபுக்கான எண்கள் சேரும் இடம்) அதற்கேற்ப மாற்ற வேண்டும். ஆகவே, மாற்றுவதாக இருந்தால் நிறுவிய முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

ஜாபிக்ஸ் 2001-இலிருந்து வெளிவருகிறது. இதன் எஸ்என்எம்பி டெம்ப்ளேட்டில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு டிரிக்கர், அதாவது அலர்ட் எழுப்பும் நிபந்தனை. போர்ட் டவுனாக இருந்தால் மட்டும் அது கத்தாது, முன்பு வேறு நிலையில் இருந்து இப்போது டவுனுக்கு மாறியிருந்தால்தான் கத்தும். 24 போர்ட்டில் 15 போர்ட்டில் கேபிளே சொருகாத ஸ்விட்ச்சைச் சேர்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தினமும் மாலை அணைத்துவிட்டுப் போகும் பிரின்டர் போர்ட்டுக்கு மட்டும் இஃப்கன்ட்ரோல் மேக்ரோவை (இந்த டிரிக்கரை ஆன், ஆஃப் செய்யும் மதிப்பு) 0 என்று வைத்தால் அதுவும் அமைதி. இதிலேயே ஒரு கண்ணியும் இருக்கிறது. புது ரவுட்டரைச் சேர்க்கும்போதே பேக்கப் லிங்க் விழுந்து கிடந்தால், ஜாபிக்ஸ் அதைப் பிறவி நிலை என்று எடுத்துக்கொள்ளும். அலர்ட் வராது. சேர்த்த அன்று ஒருமுறை கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

புரோமீதியஸ் 2012-இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் பிறந்தது. ரவுட்டருக்காகச் செய்தது அல்ல. எஸ்என்எம்பி எக்ஸ்போர்ட்டர் என்ற தரகர் நடுவில் டிசிபி 9116-இல் உட்கார்ந்து மொழிபெயர்த்துக் கொடுக்கும். விதி நாமே எழுத வேண்டும், 'ஆபர் 2, அட்மின் 1, இரண்டு நிமிடம் நீடித்தால்' என்று. எழுதத் தெரிந்தவருக்கு இது சுகம். தெரியாதவருக்குப் பள்ளம். ஜாபிக்ஸ் மாதிரி 'முன்பு அப்பாக இருந்ததா' என்பதையும் சேர்க்கலாமே என்று, கடந்த ஒரு நாளின் மிகக் குறைந்த மதிப்பு 1 ஆக இருந்தால் மட்டும் என்று ஒரு நிபந்தனை போட்டேன். அழகாக வேலை செய்தது, சரியாக 24 மணி நேரம். அதற்குப் பிறகு அந்த ஒரு நாளுக்குள் 1 என்பதே இல்லை. லிங்க் இன்னும் விழுந்தே கிடக்கிறது, அலர்ட் மட்டும் 'சரியாகிவிட்டது' என்று தானாக மூடிக்கொண்டது.

டிராப் (ரவுட்டர் தானே அனுப்பும் தகவல்) இருக்கும்போது போலிங் (நாம் அவ்வப்போது கேட்பது) எதற்கு என்று கேட்பார்கள். போர்ட் விழுந்த நொடியே ரவுட்டர் யுடிபி 162-க்குத் தகவல் அனுப்பும், உண்மைதான். லிப்ரெஎன்எம்எஸ், ஜாபிக்ஸ் இரண்டும் எஸ்என்எம்பிடிராப்டி என்ற நிரல் வழியாக அதை வாங்கிக்கொள்ளும். எஸ்என்எம்பி எக்ஸ்போர்ட்டர் வாங்காது. ஆனால் கிளை அலுவலகத்துக்கு இருப்பதே ஒரு லிங்க், விழுந்ததும் அதே லிங்க் என்றால் டிராப் எந்த வழியாக வரும்? இன்ஃபார்ம் (பதில் எதிர்பார்க்கும் டிராப்) வைத்தால் பதில் வரும்வரை திரும்ப அனுப்பிப் பார்க்கும். வழியே இல்லாதபோது அதுவும் சில முறை முயன்று விட்டுவிடும். டிராப்பை வேகத்துக்கும் போலிங்கை உறுதிக்கும் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதுதான் சரி. விழுந்து எழும் லிங்க்கைப் பிடிக்க 9-இல் முடியும் ஓஐடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக நிலை மாறிய நேரம் அதில் இருக்கும். இரண்டு போலிங்கிலும் 'அப்' என்றே வந்தாலும் இந்த நேரம் மாறியிருந்தால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது.

20, 30 ரவுட்டர், பார்த்துக்கொள்ள ஒரே ஆள் என்றால் என் ஓட்டு லிப்ரெஎன்எம்எஸ்ஸுக்கு. சர்வர்களையும் அதே இடத்தில் பார்க்க வேண்டும், ராத்திரி போனை யார் எடுப்பது என்று முறை வைத்திருக்கிறீர்கள் என்றால் ஜாபிக்ஸ். ஏற்கெனவே புரோமீதியஸும் கிராஃபானாவும் (கிராஃப் காட்டும் மென்பொருள்) ஓடும் இடத்தில் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்து இறக்காதீர்கள், எக்ஸ்போர்ட்டரே போதும்.

மூன்றும் சேர்ந்து கோட்டைவிட்ட ஒரு நாளும் உண்டு. ஒரு கிளையிலிருந்து போன்: "சார், காலையிலிருந்து மெயின் லைன் வேலை செய்யல, பேக்கப்லதான் ஓட்டுறோம்." டேஷ்போர்டில் வான் போர்ட் (வெளி லைன் வந்து சேரும் போர்ட்) பச்சையாகச் சிரிக்கிறது. ஓஐடியைக் கையால் கேட்டாலும் 1. சுவரில் இருந்த மீடியா கன்வெர்ட்டரை (ஃபைபரைச் சாதாரண கேபிளாக மாற்றும் பெட்டி) போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஃபைபர் பக்கத்து விளக்கு அணைந்து கிடக்கிறது, ரவுட்டர் பக்கத்து விளக்கு ஜோராக எரிகிறது. வெளியே ஃபைபர் அறுந்திருந்தாலும் ரவுட்டருக்குத் தெரிந்தது அந்த ஒன்றரை அடி கேபிள் மட்டும்தான். அது நன்றாகவே இருந்தது. பெட்டியின் அடியில் சின்ன டிப் ஸ்விட்ச், லிங்க் ஃபால்ட் பாஸ்-த்ரூ (ஒரு பக்கம் விழுந்தால் மறுபக்கத்தையும் இறக்கும் வசதி), ஆஃபில் இருந்தது. ஆனில் தள்ளச் சொன்னேன். அடுத்த நிமிடம் ஜாபிக்ஸில் 2 வந்தது. அன்று மாலையே எல்லாக் கிளைகளிலும் வான் போர்ட் வழியாக எதிர்முனை கேட்வேயைப் பிங் செய்து பார்க்கும் ஐபி எஸ்எல்ஏவை ரவுட்டரில் போட்டுவிட்டேன்.