மீதிப் பணம் கட்டும் முன் கேரவனை எடை மேடையில் ஏற்றுங்கள்

ரிட்டயர் ஆனபிறகு கேரவன் வாங்கி ஆஸ்திரேலியாவைச் சுற்றிவரலாம் என்று நினைக்கும் நம் வயதுக்காரர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கேரவன் என்றதும் சினிமாக்காரர்கள் உட்காரும் பெரிய வேனை நினைக்க வேண்டாம். இங்கே அது காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற சின்ன வீடு. நானும் என் வீட்டுக்காரரும் போன வருஷம் 78,000 டாலர் கொடுத்து அப்படி ஒரு புது வண்டி வாங்கினோம். எனக்கு 64, அவருக்கு 68. இருபத்தைந்து வருஷமாகச் சேர்த்த பணத்தில் பெரிய பங்கு அது. விற்றவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை, விவகாரம் தீர்ப்பாயத்தில் இருக்கிறது. ஆனால் எங்களுக்கு நடந்தது யாருக்கு வேண்டுமானாலும் நடக்கலாம்.

மெல்பர்னில் ஒரு கேரவன் கண்காட்சியில்தான் பார்த்தோம். விற்பனையாளருக்கு எங்கள் மகன் வயது இருக்கும். மரியாதையாகப் பேசினார், உள்ளே கட்டிலில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அவரிடம் இரண்டே விஷயம்தான் கேட்டார். "எங்களிடம் இருப்பது மிட்சுபிஷி பஜேரோ. அது இதை இழுக்குமா? நாங்கள் இரண்டு பேரும் மூன்று மாதம் நல்லர்போர் சமவெளியைத் தாண்டி பெர்த் வரை போகப்போகிறோம், அதற்கு இது சரிப்படுமா?"

"மூன்று டன் இழுக்கிற வண்டி சார் அது. இது இரண்டரை டன்தான். இன்னும் அரை டன் மிச்சம்" என்றார் அவர். அன்று இரவு இதையே குறுஞ்செய்தியாகவும் அனுப்பினார். நல்லவேளை, நான் அதை அழிக்கவில்லை.

கண்காட்சியில் புக் செய்பவர்களுக்கு ஒரு டூரிங் பேக்கேஜ் இலவசம் என்றார்கள். மடக்குக் கூரை, கூரை மேல் ஏ.சி., வாஷிங் மெஷின், இரண்டாவது தண்ணீர்த் தொட்டி, சோலார் தகடு இரண்டு, கூடுதல் பேட்டரி, முன்னால் ஒரு பெரிய சாமான் பெட்டி, பின்னால் சைக்கிள் மாட்டும் ஸ்டாண்ட். இன்று மட்டும்தான் இந்த விலை என்றதும் அங்கேயே பத்து சதவீதம் முன்பணம் கட்டிவிட்டோம். இலவசமாகக் கொடுத்த ஒவ்வொரு பொருளுக்கும் எடை உண்டு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தோன்றவே இல்லை.

கேரவனில் ஒரு சின்ன அலுமினியத் தகடு இருக்கும். அதில் உள்ள இரண்டு எண்களை எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒன்று டேர். தண்ணீர், கேஸ், சாமான் எதுவும் ஏற்றாத வெறும் வண்டியின் எடை. இன்னொன்று ஏ.டி.எம்., அதாவது எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு வண்டி தாண்டக்கூடாத உச்ச எடை. எங்கள் தகட்டில் டேர் 2,020 கிலோ, ஏ.டி.எம். 2,500 கிலோ. வித்தியாசம் 480 கிலோ. இரண்டு பேருக்கு இது தாராளம் என்று சந்தோஷப்பட்டோம்.

செப்டம்பரில் கிளம்பினோம். மில்டுரா போய், அங்கிருந்து போர்ட் அகஸ்டா, செடுனா வழியாக நல்லர்போர் சமவெளிக்குப் போவதாகத் திட்டம். ஒரு வளைவுகூட இல்லாமல் 146 கிலோமீட்டர் நேராகப் போகும் அந்தச் சாலையில் ஒரு தடவையாவது வண்டி ஓட்ட வேண்டும் என்று இவருக்குப் பல வருஷ ஆசை. பெர்த்தில் மகள் இருக்கிறாள். பத்து கிலோ பொன்னி அரிசி, குக்கர், இட்லிப் பானை, சின்ன கிரைண்டர், மடக்கு நாற்காலிகள், துணிமணி, இவருடைய டூல்ஸ் என்று ஏற்றினோம். 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டையும் நிரப்பினோம்.

கால்டர் ஹைவேயில் முதல் நாள் சாயங்காலம், எதிரே வந்த வண்டிகள் எங்களைப் பார்த்து லைட் அடித்துக்கொண்டே போயின. கேரவன்காரர்கள் வழியில் ஒருவருக்கொருவர் கை காட்டுவது இங்கே வழக்கம். நானும் வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்து ஒவ்வொருவருக்கும் கை காட்டினேன். உண்மையில், கொக்கியில் விழுந்த பாரத்தில் காரின் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் தூக்கிக்கொண்டு, எங்கள் ஹெட்லைட் நேராக அவர்கள் கண்ணில் அடித்திருக்கிறது. அவர்கள் எங்களை எச்சரித்திருக்கிறார்கள். இவரும் "ஸ்டியரிங் லேசா இருக்கிற மாதிரி இருக்கு" என்று இரண்டு தடவை சொன்னார். முன் சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடிக்கவில்லை என்றால் அப்படித்தான் இருக்கும். அது எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் சீ லேக்கில் டிரெல் உப்பு ஏரியைப் பார்த்துவிட்டு ஓயனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஒரு நீளமான லாரி எங்களை முந்தியது. அது எங்கள் பக்கத்தில் வந்ததும் காற்று கேரவனை ஓரமாகத் தள்ளியது, கடந்து போனதும் உள்ளே இழுத்தது. அவ்வளவுதான், கேரவனின் வால் ஆட ஆரம்பித்தது. இடது, வலது, இடது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிது. என் பக்கக் கண்ணாடியில் கேரவன் முழுசாகத் தெரிந்தது, அப்புறம் காணாமல் போனது, மறுபடி தெரிந்தது. "என்னங்க, என்னங்க" என்பதைத் தவிர எனக்கு வாயில் எதுவும் வரவில்லை. இவர் காரின் பிரேக்கைத் தொடவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டாஷ்போர்டில் இருக்கும் கேரவன் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தினார். பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லிக்கொடுத்த வித்தை அது. பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி கேரவன் நேராகி நின்றது. சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவருடைய வலது கை அந்தப் பட்டனிலிருந்து இறங்கவே இல்லை, நான்தான் எடுத்து மடியில் வைத்தேன்.

மில்டுராவில் நேராக எடை மேடைக்குப் போனோம். நம் ஊரில் நெல் மூட்டை லாரி, ஜல்லி லாரி ஏறும் அதே மாதிரி மேடைதான். கொக்கியைக் கழற்றி, கேரவனை மட்டும் அதன் முன்சக்கரத்தில் நிற்கவைத்து எடை போட்டார்கள். 2,690 கிலோ. அனுமதி 2,500. கொக்கியில் இறங்கும் பாரம் 265 கிலோ.

அந்த 265-தான் மோசம். பஜேரோ 3,000 கிலோ வரை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் கொக்கியில் 250 கிலோ பாரம் தாங்கும் என்பது, பின்னால் வரும் கேரவன் 2,500 கிலோவுக்குள் இருந்தால்தான். அதைத் தாண்டினால் கொக்கியில் 180 கிலோதான் அனுமதி. காரின் கையேட்டில் இது இருக்கிறது. மூன்று டன் இழுக்கும் என்று சொன்னவர் இதைச் சொல்லவில்லை. கேரவன் விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாது என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

எடை மேடை வெயிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தண்ணீர் 190 கிலோ, கேஸ் 18 கிலோ, எங்கள் சாமான் என்ன போட்டாலும் 480 வரை ஏற்றலாமே, எப்படி மீறியது? ஒன்றும் புரியவில்லை. இரண்டு தொட்டித் தண்ணீரையும் தரையில் திறந்துவிட்டு, முன்பெட்டிச் சாமான்களைக் காரின் பின் சீட்டுக்கு மாற்றிவிட்டு, எண்பதுக்கு மேல் போகாமல் மெல்பர்னுக்குத் திரும்பினோம். தண்ணீர் கிடைக்காத நல்லர்போருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போக முடியாதே. மகளுக்கு போன் செய்து வரவில்லை என்று சொன்னேன்.

"நீங்கள் அதிகமாக ஏற்றிவிட்டீர்கள்" என்றார்கள் கடையில். சரி என்று வீட்டுக்கு வந்து ஸ்பூன் முதல் தலையணை வரை எல்லாவற்றையும் இறக்கி, கேஸையும் காலி செய்து, மறுபடி எடை மேடைக்குக் கொண்டுபோனோம். வெறும் வண்டி 2,260 கிலோ இருந்தது. தகட்டில் இருப்பது 2,020. நடுவில் இருக்கும் 240 கிலோதான் அந்த இலவசப் பேக்கேஜ். தகடு தொழிற்சாலையில் அடித்தது. கடையில் மாட்டிய எதுவும் அதில் சேரவில்லை. தண்ணீரும் கேஸும் நிரப்பினால் எங்களுக்கு மிஞ்சுவது 32 கிலோ. இரண்டு பேரின் மூன்று மாதக் குடித்தனத்துக்கு 32 கிலோ! அரிசியும் கிரைண்டரும் வைத்தாலே பாதி போய்விடும்.

இந்த எடை ரசீதைக் காட்டியதும் பேச்சு மாறியது. "தகடு போட்டது கம்பெனி, எங்களிடம் கேட்காதீர்கள்." கம்பெனிக்கு எழுதினால் "பேக்கேஜ் மாட்டியது கடை." ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் எடைக்கு வாடிக்கையாளரே பொறுப்பு என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்ததையும் காட்டினார்கள். அந்த வரியைப் பார்த்ததும் இவர் சோர்ந்துவிட்டார். அந்த மாதிரி வரிக்கு மதிப்பில்லை என்று பிறகுதான் தெரிந்தது. நீங்கள் இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கும் பொருள் அந்தக் காரியத்துக்கு உதவ வேண்டும் என்பது ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் தரும் உத்தரவாதம். 2011 முதல் அமலில் இருக்கிறது. எந்தக் கடையும் ஒப்பந்தம் எழுதி அதைப் பறிக்க முடியாது. பஜேரோ, இரண்டு பேர், நல்லர்போர் என்று நாங்கள் சொன்னதற்கும், சரிப்படும் என்று அவர் சொன்னதற்கும் அந்தக் குறுஞ்செய்திதான் இப்போது சாட்சி. வாயால் பேசியதோடு விட்டிருந்தால் எங்களிடம் ஒன்றுமே இருந்திருக்காது.

எங்களுக்கு மட்டும் நேர்ந்த விஷயம் இல்லை இது. நுகர்வோர் ஆணையமான ஏ.சி.சி.சி. 2022-ல் புதுக் கேரவன் விற்பனை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்கள் நடத்திய ஆய்வில் பதில் சொன்ன உரிமையாளர்களில் 80 சதவீதம் பேர் தங்கள் புதுக் கேரவனில் ஏதோ ஒரு குறை இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இதை வாங்குவதற்கு முன் படித்திருக்க வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து செய்யவேண்டியது ஒன்றுதான். பேக்கேஜ் எல்லாம் மாட்டி முடித்த பிறகு, மீதிப் பணம் கட்டுவதற்கு முன், உங்கள் கண் முன்னால் கேரவனை எடை மேடையில் ஏற்றச் சொல்லுங்கள். மொத்த எடை, கொக்கி பாரம் இரண்டும் ரசீதில் வர வேண்டும். டெலிவரி நாளில் டேர் இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே கையால் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள். எங்களுக்கு எடை போட ஆனது 35 டாலர். எடைக்கருவியோடு வீட்டுக்கே வருகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் கார் கையேட்டில் இழுவை பற்றிய பக்கங்களை நீங்களே படியுங்கள், விற்பவர் சொல்லும் ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். அளவுக்கு மேல் எடையோடு போய் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏற்கனவே கேரவன் வைத்திருப்பவர்கள் அடுத்த பயணத்துக்கு முன் ஒரு தடவை முழுச் சுமையோடு எடை போட்டுப் பாருங்கள். நாங்கள் உயிரோடு திரும்பியதற்குக் காரணம் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்ன ஒரு வார்த்தை.

விசாரணைக்கு இன்னும் தேதி வரவில்லை. கேரவன் வீட்டு முன்னால் நிற்கிறது. இரண்டாவது தொட்டியையும் சைக்கிள் ஸ்டாண்டையும் கழற்றவில்லை, வழக்கு முடியும்வரை எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இதற்குள் மெல்பர்னில் யாராவது கேரவன் வாங்குவதாக இருந்தால் எனக்கு எழுதுங்கள். இவர் இந்தக் கணக்கை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். கூடவே வந்து தகட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்கிறார். சனிக்கிழமைகளில் நாங்கள் வீட்டில்தான் இருப்போம்.