பாய்லர் கன்ட்ரோல்: பழைய லூப்பைச் சரிசெய்வதா, எம்பிசி வாங்குவதா?

சேலம் மாவட்டத்தில் ஒரு ஆலையின் சொந்த அனல் மின்நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பார்க்கிறேன். நிலக்கரிச் செலவைக் குறைக்க எங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. பாய்லரை ஓட்டும் கன்ட்ரோல் கம்ப்யூட்டரான டிசிஎஸ் ஏற்கெனவே இருக்கிறது; அதிலேயே, ஓர் அளவைப் பார்த்து அதற்கேற்பக் காற்றையோ எரிபொருளையோ தானாகத் திருத்தும் பிஐடி லூப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து டியூன் செய்யலாம். இல்லையென்றால், பாய்லரின் மாடலை வைத்து முன்கூட்டியே கணக்குப் போடும் எம்பிசி (மாடல் பிரெடிக்டிவ் கன்ட்ரோல்) மென்பொருளை மேலே ஏற்றலாம். நாங்கள் முதல் வழியை எடுத்தோம்.

விலை வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் முடிவுக்குக் காரணம் பராமரிப்பு.

புகைவாயுவில் உள்ள ஆக்சிஜனைப் பார்த்துக் காற்றைத் திருத்தும் எங்கள் ஓ2 லூப் பல மாதங்களாக மேனுவலில் கிடந்தது. ஆட்டோவில் போட்டால் அளவு மேலும் கீழுமாக ஆடும். அதனால் ஆபரேட்டர்கள் பாதுகாப்புக்காகக் காற்றைக் கூட்டி 6 சதவீத ஆக்சிஜனில் ஓட்டினார்கள். புகைவாயுவில் 3.5 சதவீத ஆக்சிஜன் என்றால் உபரிக் காற்று சுமார் 20 சதவீதம். 6 என்றால் 40. அந்தக் காற்றையெல்லாம் சூடாக்கிச் சிம்னி வழியாக வெளியே விடுகிறோம்.

தேடிப் பார்த்ததில் தப்பு டியூனிங்கில் இல்லை. பாய்லருக்குக் காற்றைத் தள்ளும் எஃப்டி ஃபேனில், காற்றைக் கூட்டிக் குறைக்கும் டேம்பர் தகட்டின் லிங்கேஜ் (இணைப்புக் கம்பி) தேய்ந்து லொடலொடவென்று இருந்தது. ஆக்சிஜனை அளக்கும் ஜிர்கோனியா புரோபைப் பொருத்தியிருக்கும் ஃபிளாஞ்சில் வெளிக்காற்று கசிந்து, ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டியது. அதை நம்பிக் காற்றைக் குறைத்தால் எரியாத கரி சாம்பலோடு போகும். இதன் மேல் எம்பிசியை ஏற்றியிருந்தால் அதுவும் அதே பொய் அளவை நம்பித்தான் ஓடியிருக்கும். இரண்டையும் சரிசெய்த பிறகு டியூனிங்குக்கு ஒரு ஷிஃப்டே போதுமானதாக இருந்தது.

எம்பிசி வாங்கினாலும் இந்த வேலைகள் குறையாது, மாடலைப் பார்த்துக்கொள்ளும் வேலை கூடுதலாகச் சேரும். டேம்பரையும் நிலக்கரி தள்ளும் ஃபீடரையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பாய்லர் எப்படி நடந்துகொள்கிறது என்று பதிவு செய்துதான் அந்த மாடலைக் கட்டுகிறார்கள். சாம்பல் அதிகமுள்ள நம் நாட்டு நிலக்கரிக்குப் பதில் ஈரம் அதிகமுள்ள இந்தோனேசிய நிலக்கரி வந்தால் அந்த நடத்தை மாறிவிடும். மறுபடி சோதனை செய்ய விற்றவர்களின் ஆள் வர வேண்டும். பிஐடியை எங்கள் நைட் ஷிஃப்ட் டெக்னீஷியனே பார்த்துக்கொள்வார்.

எம்பிசியைக் குறை சொல்லவில்லை. ஸ்டீம் வெப்பநிலை தாமதமாகத்தான் பதில் சொல்லும். ஒன்றை மாற்றினால் இன்னொன்றும் மாறும். அந்த இடத்தில் எம்பிசி நிஜமாகவே கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும். மேட்டூர் அனல் மின்நிலையத்தில் இருப்பது போன்ற 210, 600 மெகாவாட் யூனிட்டுகளில் நான் வேலை பார்த்ததில்லை. சோலார் மின்சாரத்துக்கு இடம் விட்டு 40 சதவீத லோடு வரை இறங்கச் சொல்லும் 2023 விதிகளுக்குப் பிறகு, அங்கே கணக்கு வேறாக இருக்கலாம்.

எங்கள் ஓ2 லூப் இப்போது ஆட்டோவில் ஓடுகிறது. லோடு சட்டென்று மாறும்போது மட்டும் ஸ்டீம் வெப்பநிலை லூப்பை இன்னும் மேனுவலுக்கு எடுக்கிறார்கள். அந்த ஒரு இடத்துக்கு எம்பிசி தேவையா என்று அடுத்த ஷட்டவுனுக்கு முன் மறுபடி உட்கார்ந்து பேசவிருக்கிறோம்.