யூனிவாக் 1, ஐபிஎம் 1401: புகழும் புழக்கமும்

வணிகக் கணினியின் தொடக்கக் காலத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் யூனிவாக் 1 பெயரைத்தான் சொல்வார்கள். 1951-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறைக்கு வழங்கப்பட்ட அந்த இயந்திரத்தில் ஏறத்தாழ 5,000 வெற்றிடக் குழாய்கள் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கண்ணாடிக் குழாய்கள்) இருந்தன. பாதரசம் நிரப்பிய குழல்களில் ஒலி அலைகளாகச் சுற்றிக்கொண்டே இருந்த தகவல்தான் அதன் நினைவகம். 1952 அமெரிக்க அதிபர் தேர்தல் இரவில், கருத்துக்கணிப்புகள் கடும் போட்டி என்று கூறியிருக்க, ஐசன்ஹோவர் பெருவெற்றி பெறுவார் என்று அது முன்கூட்டியே கணித்தது. சிபிஎஸ் தொலைக்காட்சியினர் நம்பத் தயங்கி அதை உடனே அறிவிக்கவில்லை. சிபிஎஸ் அரங்கில் விளக்குகள் மின்ன நின்றது வெறும் காட்சிப் பலகை. உண்மையான இயந்திரம் பிலடெல்பியாவில் இருந்தது.

1959-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 1401-க்கு இத்தகைய நாடகம் எதுவும் வாய்க்கவில்லை. வெற்றிடக் குழாய்களின் இடத்தைப் பிடித்த சிறு மின்னணு உறுப்புகளான டிரான்சிஸ்டர்களால் இயங்கிய அது, மாதம் ஏறத்தாழ 2,500 டாலர் வாடகைக்குக் கிடைத்ததாலும், அதனுடன் வந்த 1403 அச்சுப்பொறி நிமிடத்திற்கு 600 வரிகளை அச்சிட்டதாலும், நடுத்தர நிறுவனங்களின் சம்பளப் பட்டியலுக்குள்ளும் சரக்குக் கணக்குக்குள்ளும் நுழைந்தது. யூனிவாக் 1 ஐம்பதைக்கூட எட்டாத நிலையில், 1401 பத்தாயிரத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது.

இன்று யூனிவாக் 1-இன் பாகங்களை அருங்காட்சியகங்களில் பார்க்க மட்டுமே முடியும். கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்திலோ, தன்னார்வலர்கள் சீரமைத்த 1401, தகவலைத் துளைகளாகப் பதித்த அட்டைகளை விழுங்கி இன்றும் தடதடவென அச்சிடுகிறது. கணினியை அலுவலகச் சாமானாக்கிய பெருமையை நான் இதற்கே தருவேன்.