இன்விசிபிலிட்டி தெரிந்தவனுக்கு கிரேட்டர் என்ன விலை?

வேலூர் காகிதப்பட்டறையில் ஒரு வீட்டு மாடி. ஞாயிறு மாலை நான்கு மணி ஆனால் டைஸ் உருட்டிக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஆடுபவர்கள் நான்கு பேர், கதையை நடத்தும் டி.எம். நான். போன கோடையில் எங்கள் விசார்ட் (ஏட்டில் எழுதி மந்திரம் கற்பவர்) ஏழாவது லெவலைத் தொட்ட அன்றே பஞ்சாயத்து ஆரம்பமாகிவிட்டது. ஆளை மறைக்கும் இன்விசிபிலிட்டி ஏற்கெனவே தெரியும். கிரேட்டர் இன்விசிபிலிட்டி கற்க எதற்கு முழு விலை? ஒரே வித்தைதானே, கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதானே?

நாங்கள் ஆடுவது 2014 விதிகளில். ஃபயர்பால் (நெருப்புருண்டை) மாதிரி ஸ்பெல்லுக்கு, அதாவது மந்திரத்துக்கு, இந்தச் சண்டை வராது. ஒருமுறை கற்றால் போதும். பெரிய ஸ்லாட்டை (ஒரு நாளுக்கு இத்தனை தடவை ஸ்பெல் போடலாம் என்ற கணக்கில் ஒன்று) செலவழித்தால் லெவலுக்கு ஒரு ஆறுமுக டைஸ் கூடும் (ஆறுமுகம் என்றாலே எங்களில் ஒருவர் வள்ளிமலை இருக்கும் திசையில் ஒரு கும்பிடு போடுவார்). வம்பெல்லாம் தனித்தனி ஸ்பெல்லாக நிற்கும் ஜோடிகளில்தான். இன்விசிபிலிட்டிக்கு கிரேட்டர் இன்விசிபிலிட்டி, ஆளை அசையவிடாத ஹோல்ட் பெர்சனுக்கு மற்ற உயிர்களையும் அசையவிடாத ஹோல்ட் மான்ஸ்டர். சாமியிடம் மந்திரம் வாங்கும் கிளெரிக்குக்கு இதில் கவலையே இல்லை. பட்டியல் முழுக்க அவருடையது.

புத்தக விதி எளிது. விசார்ட் ஒரு ஸ்பெல்லைத் தன் ஏட்டில் எழுத ஸ்பெல்லின் லெவலுக்கு (ஆளின் லெவல் வேறு, இது வேறு) 50 தங்கக் காசு, 2 மணி நேரம். கிரேட்டர் இன்விசிபிலிட்டி நான்காம் லெவல். 200 காசு, 8 மணி நேரம். வாக்குவாதத்துக்கு இடமே இல்லை. ஆனால் அந்தக் காசு எதற்கு என்று அதே விதி சொல்லும் காரணம் இருக்கிறதே, அங்கேதான் இடிக்கிறது. மையைத் தவிர மற்றதெல்லாம், ஸ்பெல் பிடிபடும்வரை செய்து பார்த்து வீணாகும் பொருட்களுக்காம். மறைவது எப்படி என்று பிடிபட்டவன் மறுபடி முதலிலிருந்து எதை வீணாக்குவான்? டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் பண்ணியவரை ஹையருக்கு வந்ததும் ஏ எஸ் டி எஃப் அடிக்கச் சொல்வதில்லை. (ஃபீஸைக் குறைப்பதும் இல்லை என்பது வேறு விஷயம்.) போதாததற்கு, தெரிந்த ஸ்பெல்லை இன்னொரு ஏட்டில் படியெடுக்க லெவலுக்கு 10 காசும் ஒரு மணி நேரமும் போதும் என்று புத்தகமே சலுகை கொடுக்கிறது.

ஆகவே வித்தியாசக் கணக்கு. பெரியதன் விலையில் சிறியதன் விலையைக் கழித்துவிட்டு மீதியைக் கட்டினால் போதும். சின்னது இரண்டும் இரண்டாம் லெவல். ஆக கிரேட்டர் இன்விசிபிலிட்டிக்கு 100 காசு, 4 மணி நேரம். ஹோல்ட் மான்ஸ்டர் ஐந்தாம் லெவல், 250-இல் 100 போக 150. மனக்கணக்கிலேயே முடிகிறது. குறை என்னவென்றால், இது இருப்பவனுக்கே மேலும் அள்ளிக் கொடுப்பது. ஆறு ஸ்பெல்லோடு தொடங்கி லெவலுக்கு இரண்டு இலவசமாக வாங்கி, ஏழாம் லெவலில் காசே செலவழிக்காமல் 18 வைத்திருப்பவர் விசார்ட். எதிரில் உட்கார்ந்திருக்கும் சோர்சரருக்கு (பிறவியிலேயே மந்திரம் வருபவர்) இந்தத் தள்ளுபடியால் ஒரு பைசா லாபம் இல்லை. அவர் காசு கொடுத்துக் கற்பவரே இல்லை.

நடுவில் மூன்று வாரம் பழக்கக் கோடு என்று ஒன்றை வைத்துப் பார்த்தோம். சின்ன ஸ்பெல்லை ஆபத்தான நேரத்தில் பத்துத் தடவை போட்டால் பெரியது இலவசம். யோசனை என்னுடையதுதான், கேட்க அழகாகவும் இருந்தது. கேரக்டர் ஷீட்டின் ஓரத்தில் பால் கணக்கு மாதிரி கோடுகள் ஏறின. விசார்ட் சத்திரத்துச் சமையற்கட்டுக்குள் மறைந்து போனார். நாய் குரைத்தது. நாய் குரைப்பது ஆபத்தா இல்லையா என்று ஒரு மணி நேரம் போயிற்று. மூன்றாம் வாரம் கோடுகளை ரப்பரால் அழித்துவிட்டோம்.

என்னைக் கேட்டால், கிரேட்டர் என்ன விலை என்ற கேள்வியே பாதி தப்பு. விசார்டுக்குச் செலவு காசில்; சோர்சரருக்குச் செலவு இடத்தில். ஏழாம் லெவலில் அவருக்குத் தெரிந்தது மொத்தம் எட்டே ஸ்பெல். அதில் இரண்டு ஒரே குடும்பம் என்றால் கால்வாசி போச்சு. லெவல் ஏறும்போது பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். புத்தகத்திலேயே அதற்கு வழி உண்டு, சரி. ஆனால் இந்த ஜோடியில் பெரியது எல்லா விதத்திலும் பெரியதில்லை. கிரேட்டர் போட்டு அடித்தாலும் மறைவு கலையாது, ஆனால் ஒரு நிமிடம்தான். சின்னது அடித்தால் கலைந்துவிடும், ஆனால் ஒரு மணி நேரம் நிற்கும். நான் வரையும் கோட்டைகளில் எப்போதும் வேலூர்க் கோட்டைச் சாயல் இருக்கும்: சுற்றி அகழி, உள்ளே போக ஒரே வாசல். ஒரு நிமிடம் என்றால் பத்துச் சுற்று, சுற்றுக்கு 30 அடி நடை, மொத்தம் 300 அடி. அகழியைத் தாண்டி வாசல் காவலைக் கடப்பதற்குள் ஆள் தெரிந்துவிடுவார். எங்கள் சோர்சரர் தன் ஷீட்டில் இன்விசிபிலிட்டியை அடிக்கப் பென்சிலை எடுத்தார். அந்த வரிமேல் ஏற்கெனவே பிரியாணிக் கத்திரிக்காய்த் தொக்கின் எண்ணெய் ஒரு வட்டம் போட்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

இதற்கு விடை பாத்ஃபைண்டர் என்ற இதே மாதிரி இன்னொரு ஆட்டத்தில் கிடைத்தது. 2015-இல் அந்த ஆட்டத்தில் வந்த மனோசக்தி விதிகளில், சில ஸ்பெல்களின் உயர்ந்த படியைக் கற்றவர் தாழ்ந்த படிகளையும் சின்ன ஸ்லாட்டில் போடலாம். அதை அப்படியே கொண்டுவந்தோம். சோர்சரரும் பார்டும் (பாட்டால் மந்திரம் போடுபவர்) பெரியதைக் கற்றால் சின்னது அதற்குள் அடங்கிவிடும். எட்டில் ஒரே இடம். இரண்டாம் லெவல் ஸ்லாட்டில் போட்டால் ஒரு மணி நேரம், நான்காம் லெவலில் போட்டால் ஒரு நிமிடம். விசார்டுக்கு வித்தியாசக் கணக்கு மட்டும். ஏட்டில் இரண்டும் தனித்தனிதான், காலையில் தயார் செய்வதும் தனித்தனிதான். அவர் கொஞ்சம் முணுமுணுத்தார். ஒரு நாளுக்கு 11 ஸ்பெல் தயார் செய்பவரிடம் எனக்கு இரக்கம் வரவில்லை.

மந்திரச் சுருளிலிருந்து எழுதும்போது உருட்டும் ஆர்கானா (மந்திர அறிவு) சோதனையை மட்டும் தொடவில்லை. நான்காம் லெவலுக்கு இலக்கு 14. ஜெயித்தாலும் தோற்றாலும் சுருள் அழிந்துவிடும். பாதி விலை என்ற குஷியில் விசார்ட் உருட்டினார். டைஸில் விழுந்தது 4, கூட அவர் திறமைக்கு 7, மொத்தம் 11.

"இன்னாண்ணா, இதுக்கும் அந்த வித்தியாசக் கணக்கு போடக்கூடாதா?"

கூடாது என்றேன்.