கார்டுலெஸ் போனும் முன்னால் வராத ஜீரோவும்

களக்காட்டில் தனியாக இருக்கும் தன் அம்மாவுக்கு லேண்ட்லைனில் மாட்ட ஒரு கார்டுலெஸ் போன் (வயர் இல்லாமல் கையில் எடுத்துப் போய்ப் பேசுவது) வாங்கலாமா என்று மதினி கேட்டிருக்கிறார். அம்பாசமுத்திரம் வீட்டில் எங்கள் அம்மாவுக்கு நான் வாங்கி வைத்த செட் சில வருஷமாக ஓடுகிறது. போன வாரம்தான் பேட்டரி மாற்றினேன். கொடுத்த காசுக்கு என்னென்ன உண்டு என்பது பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. அதை விட்டுவிட்டு, வயசான ஆளுக்கு மெமரியும் (நம்பர்களைப் பதிந்து வைப்பது) காலர் ஐடியும் (கூப்பிடுவது யார் என்று திரையில் காட்டுவது) எப்படி உதவுகின்றன என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் மெமரி. எண் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அதில் பதிந்த நம்பருக்குப் போன் போய்விடும். அம்மாவுக்குக் கண்ணில் புரை. பத்து இலக்கத்தைப் பார்த்துப் பார்த்து அடிப்பது முடியாத காரியம். ஆனால் 5-ம் பொத்தானின் மேல் சின்னதாக ஒரு புள்ளி தடித்திருக்கும், விரலால் தடவினாலே தெரியும். அதில் பாளையங்கோட்டை அண்ணன் நம்பரைப் போட்டேன், அவன்தான் அவசரத்துக்கு ஓடி வரக்கூடியவன். அதற்கு நேர் மேலே இருக்கும் 2 எனக்கு, நேர் கீழே இருக்கும் 8 மும்பையில் இருக்கும் தங்கைக்கு. அம்மா இன்றைக்கு வரைக்கும் கண்ணாடியைத் தேடாமல் மூன்று பேரையும் கூப்பிடுகிறாள். ராத்திரி விளக்குப் போடாமல் கட்டிலில் படுத்துக்கொண்டே கூப்பிடுவாள். இந்த ஒன்றுக்காகவே அந்தப் போனைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அடுத்தது காலர் ஐடி. திரையில் பெயர் இங்கிலீஷில்தான் வரும், தமிழ் கிடையாது. அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது, எண் தெரியும். அதனால் பெயர் எழுதும் இடத்தில் பெயருக்குப் பதிலாக 555, 222, 888 என்று பதிந்து வைத்தேன். மணி அடித்ததும் திரையில் 888 என்று வந்தால் மகள். "எட்டு கூப்பிடுதா" என்று சொல்லிக்கொண்டேதான் எடுப்பாள். முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில்தான் எங்கள் லைனில் நம்பர் வந்து சேருகிறது. ஆகவே இரண்டாவது மணிக்காகக் காத்திருக்கச் சொல்லிக் கொடுத்தோம். ஸ்டாண்டிலிருந்து எடுத்த உடனே பேச்சு தொடங்கிவிடும்படி ஒரு வசதி இருக்கிறது, அதை நிறுத்தி வைக்க வேண்டும். இல்லையென்றால் யார் என்று பார்க்கும் முன்னாலேயே லைன் சேர்ந்துவிடும்.

இனி என் வயிற்றெரிச்சல். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலைக் கூப்பிட்டாலும் முன்னால் ஜீரோ போட வேண்டும். அதற்கு முன்பு நம் மாநில மொபைல்களுக்கு நேராக அடிக்கலாம், வெளிமாநில நம்பருக்குத்தான் ஜீரோ. விதியில் எனக்குக் குறையில்லை. அதனால் புதிதாக 254 கோடி எண்கள் கிடைக்கும் என்று தொலைத்தொடர்புத் துறை சொன்னது, நியாயமான காரணம்தான். ஆனால் வருகிற அழைப்பில் திரையில் தெரிவது ஜீரோ இல்லாத பத்து இலக்கம். மெமரியில் நாம் வைத்திருப்பது ஜீரோவோடு பதினொன்று. இந்தச் செட்டுக்கு இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாது. அதனால் ஒவ்வொருவரையும் இரண்டு தடவை பதிய வேண்டும்: கூப்பிட ஒன்று, அடையாளம் காட்ட ஒன்று. ஐம்பது பேருக்கு இடம் என்று பெட்டியில் போட்டிருக்கிறான், நடப்பில் இருபத்தைந்துதான்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வந்த அழைப்புகளின் பட்டியலிலிருந்து திருப்பிக் கூப்பிடுவதுதான் பொறுக்க முடியாதது. பட்டியலில் நம்பர் இருக்கும், பேசும் பொத்தானை அழுத்தினால் செட் அதை அப்படியே அடிக்கும். உடனே ஜீரோ சேர்க்கச் சொல்லும் அறிவிப்பு வரும். சேர்க்க வேண்டுமென்றால் மெனுவுக்குப் போய், திருத்து என்பதைத் தேடி, நம்பரின் முன்பக்கம் நகர்ந்து, ஜீரோ போட்டு, பிறகு பேசும் பொத்தான். புரை விழுந்த கண்ணுக்கு இதெல்லாம் நடக்குமா? கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஆப்பரேஷன் தேதியை மாற்றிச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள், அம்மா புறவாசலில் இருந்திருக்கிறாள். "யாரோ கூப்பிட்டிருக்காவ, திருப்பி அடிச்சா ஒரு பொம்பள என்னமோ சொல்லுதா" என்று எனக்குப் போன். நான் தென்காசியிலிருந்து வந்து பட்டியலைப் பார்க்கும் வரை அது யார் என்றே தெரியவில்லை. இந்தச் செட் விதி வந்த பிறகு வாங்கியது. பத்து இலக்க மொபைல் நம்பர் என்றால் முன்னால் ஒரு ஜீரோ போட்டுக்கொள் என்று சாப்ட்வேரில் சேர்க்க இவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு, "மொபைலில் இருந்து கூப்பிடச் சொல்லுங்க சார்" என்றார்கள். மொபைலைப் பார்த்து அடிக்க முடிந்தால் இதை எதற்கு வாங்குகிறோம்!

மற்றதெல்லாம் நன்றாகவே இருக்கிறது, மறைக்கவில்லை. எங்கள் வீடு தெருவாசலிலிருந்து நீண்டு போகும் பழைய காரைச் சுவர் வீடு. தார்சா என்கிற முன்கூடத்தில் ஸ்டாண்டை வைத்தால் புறவாசல் கிணற்றடி வரை பேச்சு அறுபடாமல் கேட்கிறது. பேட்டரி இரண்டு சின்ன நிக்கல் செல்கள், 1.2 வோல்ட், டவுனில் கிடைக்கும். சார்ஜ் ஆகாத சாதாரண செல்லை மட்டும் தப்பித்தவறிப் போட்டுவிடக் கூடாது, கசிந்து செட்டையே கெடுத்துவிடும். கரண்ட் போனால் ஸ்டாண்ட் வேலை செய்யாது, அதனால் பழைய வயர் போனை அதே லைனில் மாட்டியே வைத்திருக்கிறோம். கரண்ட் திரும்பி வந்தால் செட்டில் நேரம் அழிந்திருக்கும், யார் எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள் என்பது தப்பாகக் காட்டும். ஐப்பசியில் மலைப்பக்கம் இடி கேட்டால் கரண்ட் பிளக், போன் வயர் இரண்டையும் கழற்றிவிட வேண்டும்.

சரி, மதினிக்குப் பதில். இந்த மாடல் வேண்டாம். அம்மாவிடமிருந்து இதைக் கேட்டால் தரமாட்டாள், எனக்கும் எடுக்க மனசில்லை, ஆனாலும் வேண்டாம். வேறு மாடல் பார்ப்பதாக இருந்தால், லைன் கொடுத்து வைத்திருக்கிற கடைக்குப் போங்கள். உங்கள் மொபைலிலிருந்து அந்தச் செட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். பிறகு அதன் பட்டியலிலிருந்து, வேறு எதையும் தொடாமல், பேசும் பொத்தானை மட்டும் அழுத்தச் சொல்லுங்கள். உங்கள் மொபைல் மணி அடித்தால் பில் போடுங்கள்.