"புல்லட்னா அப்படித்தான்" என்று சொல்லியே 86,500 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்

நேற்று மத்தியானம் தெரியவந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 86,500 ரூபாய், அதோடு ஒரு முழு இன்ஜின். பழைய புல்லட்டைப் புதுப்பிக்கக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் கடைசி வரைக்கும் படியுங்கள். என்னென்ன பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று முடிவில் விவரமாக எழுதுகிறேன்.

வண்டி அப்பாவுடையது. 1985 பிப்ரவரியில் பதிவான புல்லட் 350. கறுப்பு, டேங்கில் தங்கக் கோடு, பழைய மூன்றெழுத்து நம்பர். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அப்பா கால்நடை ஆய்வாளராக இருந்தவர். மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு வடமதுரை, அய்யலூர் பக்கத்துப் பட்டிகள் எல்லாம் இந்த வண்டியில்தான் சுற்றினார். இப்போது 71 வயது. முட்டி வலி வந்ததிலிருந்து கிக்கரை உதைப்பதில்லை. நான்தான் ஞாயிற்றுக்கிழமை எடுத்து ஒரு சுற்று ஓட்டுவேன்.

இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்கார்டு துரு, ரிம்மில் குரோம் உரிந்துவிட்டது, வயரிங் எலி கடித்தது, கேஸ்கட்டில் கொஞ்சம் ஆயில் கசிவு. இவ்வளவுதான். 2025 பிப்ரவரியில் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அதற்குள் வண்டியைப் பளிச்சென்று ஆக்கி அப்பா முன்னால் நிறுத்தணும் என்று எனக்கு ஒரு ஆசை. அந்த ஆசைதான் என்னைத் தின்றது.

பட்டறை பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊரிலிருந்து 90 கிலோமீட்டர். பழைய புல்லட் மட்டும்தான் எடுப்பார்களாம். போனில் பார்த்திருப்பீர்கள், ரீல்ஸ் போடுகிற வகை: துருப்பிடித்த வண்டி, அடுத்த நொடி தகதகவென்று அதே வண்டி, பின்னால் பாட்டு. 2024 ஏப்ரலில் வண்டியை ஓட்டிக்கொண்டே போனேன்.

நான் ஏமாந்த இடம் எது என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், ஒன்றும் பேசவில்லை. சாவியைப் போட்டார். கிக்கரை மெதுவாக அழுத்தி, கரண்ட் ஓட்டத்தைக் காட்டுகிற அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை காத்திருந்தார், இன்ஜின் அழுத்தத்தை விடுவிக்கிற டீகம்ப்ரஷர் லிவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் அமுக்கினார், விட்டார், ஒரே ஒரு உதை. வண்டி எடுத்தது. ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை. அது பாட்டுக்குத் தாளம் தப்பாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, இந்த இன்ஜினைத் தொடறது பாவம். கேஸ்கட்டை மட்டும் மாத்துறேன். உங்க அப்பா வண்டி ஓட்டல, புள்ள வளத்திருக்காரு."

அப்பாவைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னால் எந்த மகன் சந்தேகப்படுவான்? அட்வான்ஸ் எடுத்து நீட்டினேன். "காசு எங்கண்ணே ஓடிப் போகுது? வண்டிய விட்டுட்டுப் போங்க, வேலைய ஆரம்பிச்சுட்டுக் கேக்குறேன்" என்று கையைத் தள்ளிவிட்டார். தம்பி என்று ஆரம்பித்தவர் அண்ணே ஆகிவிட்டார், அதுகூட அப்போது உறைக்கவில்லை. வாங்காமல் விட்டதுதான் அவர் போட்ட தூண்டில். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "காசே வாங்கலப்பா, அவ்வளவு நல்ல மனுஷன்" என்றேன்.

ஒரு வாரத்தில் 30,000 கேட்டார். ஜூனில் 25,000. ஆகஸ்டில் 20,000. நவம்பரில் வண்டி எடுக்கும்போது 11,500. மொத்தம் 86,500. எல்லாம் போனிலேயே அனுப்பினேன், பில் கேட்கவில்லை. கடைசியில் கொடுத்தது நோட்டில் கிழித்த ஒரு தாள், அதில் "பெயிண்ட், பிளேட்டிங், வயரிங், லேபர்" என்று நாலு வரி. சீல் இல்லை, கையெழுத்தும் இல்லை.

45 நாளில் தருகிறேன் என்றவர் ஏழு மாதம் இழுத்தார். டேங்க் பெயிண்டர் வீட்டில் விசேஷம். அப்புறம் மழை, பெயிண்ட் காயவில்லை. அப்புறம் குரோம் வேலைக்குச் சென்னை போயிருக்கிறது. ஒருமுறை டேங்க் போட்டோ அனுப்பினார். எங்கள் டேங்கில் வலது முட்டி ரப்பருக்கு மேலே ஒரு சின்ன நசுங்கல் உண்டு, நான் ஆறாவது படிக்கும்போது வண்டியைச் சாய்த்துவிட்டது. போட்டோவில் அது இல்லை. கேட்டேன். "பட்டி பாத்தா நசுங்கல் எங்கண்ணே தெரியும்?" என்றார். பட்டி என்றால் பெயிண்டுக்கு அடியில் பள்ளத்தை நிரப்பப் பூசுவது. நியாயமாகத்தான் பட்டது.

நவம்பரில் வண்டி வந்தது. தெருவே எட்டிப் பார்த்தது, அவ்வளவு அழகு. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். முதல் கேள்வி: "அந்த வெல்டிங் எங்கடா?"

1997-ல் செயின் அறுந்து அடித்து இடது பக்க இன்ஜின் கேஸில், அதாவது வெளிக்கூட்டில், விரிசல் விட்டது. அதை அலுமினியம் வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தோம். புழு படுத்த மாதிரி ஒரு விரல் நீளத் தழும்பு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பஃபிங் போட்டிருக்காங்கப்பா, அதான் தெரியல." ஸ்டார்ட் பண்ணிக் காட்டினேன். "சத்தம் வேற மாதிரி இருக்கே, கீழே இருந்து ஒரு தட்டு கேக்குதே" என்றார். "புதுசா செஞ்சா கொஞ்ச நாள் அப்படித்தான்பா இருக்கும்." 40 வருடம் அந்த வண்டியைத் தொடைக்கு நடுவில் வைத்து ஓட்டிய மனிதருக்கு நான் பாடம் எடுத்தேன். பட்டறைக்காரர் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேல்தான்.

400 கிலோமீட்டர் ஓடுவதற்குள் வண்டிக்குக் கீழே தினமும் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஆயில். அம்மீட்டர் முள் செத்துக் கிடக்கிறது. காலையில் பத்து உதை, ஒருமுறை கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கிவிட்டது. போன் போட்டால் ஒரே பதில்: "அண்ணே, புல்லட்னா ஆயில் ஒழுகும். ஒழுகலைன்னாதான் பயப்படணும்." உதைத்தால் எடுக்கவில்லை என்றால், "புல்லட்னா அப்படித்தான், அதுகிட்ட பழகணும்." சத்தம் என்றால், "புல்லட்டுக்குச் சத்தம்தானே அழகு." இந்த வண்டிக்காரர்களுக்கு, என்னையும் சேர்த்து, ஒரு கிறுக்கு உண்டு. வண்டியின் குறையை எல்லாம் குணம் என்று பெருமையாகச் சொல்லித் திரிவோம். அந்தக் கிறுக்கைத்தான் இவர்கள் முதலாகப் போட்டுத் தொழில் செய்கிறார்கள். வேறு எந்த வண்டியில் தினமும் ஆயில் ஒழுகினால் சிரித்துக்கொண்டே போவோம், சொல்லுங்கள்?

நேற்று ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனோம். 1985-ல் பதிந்ததால் 15 வருடம் முடிந்து 2000-ல் ஒருமுறை, அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, கடைசியாக 2020-ல் அப்பாவே போய்ப் புதுப்பித்து வந்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார், "நல்லா செஞ்சிருக்கீங்களே" என்றார். இன்ஜின் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எடுத்துப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். அப்புறம் விரல் நுனியால் அந்த இடத்தைத் தடவினார். "இது யார் அடிச்ச நம்பர்?"

எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடமாட்டார். மஞ்சள் பைலிலிருந்து 2020 விண்ணப்பத்தின் நகலை எடுத்தார், அதில் அன்றைக்குத் தேய்த்த பென்சில் தாள் ஒட்டியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தார்கள். நம்பர் ஒன்றுதான். ஆனால் பழையதில் 4-ன் தலை திறந்திருக்கிறது, புதியதில் மூடியிருக்கிறது. பழையதில் எழுத்தெல்லாம் ஒரே கோட்டில் நிற்கிறது, புதியதில் கடைசி இரண்டு எண் மாடிப்படி ஏறுகிறது, கையால் ஒவ்வொன்றாகச் சுத்தியலில் அடித்தது. சுற்றிலும் அரம் வைத்து ராவிய கோடுகள் பென்சிலில் அப்படியே விழுந்திருந்தன.

அதாவது, "தொடறது பாவம்" என்று சொன்ன இன்ஜினைத்தான் முழுசாகக் கழற்றி எடுத்திருக்கிறார்கள். ஏதோ ஒரு காயலாங்கடை இன்ஜினை மாட்டி, அதிலிருந்த நம்பரை ராவிவிட்டு எங்கள் நம்பரை அடித்திருக்கிறார்கள். புல்லட்டில் இது சுலபம். 1955-ல் மெட்ராஸில் ஆரம்பித்த அந்த 346 சி.சி. காஸ்ட் அயர்ன் இன்ஜின் பெரிய மாற்றமில்லாமல் அரை நூற்றாண்டு ஓடியது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணினால் இதன் இன்ஜின் அதில் உட்காரும், அதன் கார்புரேட்டர் இதில் உட்காரும். நல்ல இன்ஜினுக்கு வெளியே என்ன விலை என்று எனக்கு இப்போதுதான் மற்றவர்கள் சொல்லித் தெரிகிறது.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "இன்ஜின் மாத்துறதா இருந்தா முன்னாடியே அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏத்தணும். இது அதுகூட இல்லை. உள்ளே இருக்கிறது திருட்டு வண்டி இன்ஜினா இருந்தா உங்க அப்பா பேருலதான் வரும். முதல்ல ஸ்டேஷனுக்குப் போங்க." அப்பா வெளியே வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

அங்கிருந்தே போன் போட்டேன். முதலில், "இன்ஜின் கேஸ் வெடிச்சிருந்துச்சுண்ணே, மாத்தினேன், சொன்னேனே." எப்போது சொன்னீர்கள் என்றால், "நீங்க கொண்டு வரும்போதே அந்த நம்பர்தான்." பென்சில் தாள் இருக்கிறது என்றேன். ஒரு நிமிடம் சத்தமில்லை. "வேலை பாத்த பையன் நின்னுட்டான், அவன்கிட்டதான் கேக்கணும்." பையன் நம்பர் கொடுங்கள் என்றேன். "கடையில கூட்டமா இருக்கு, சாயந்திரம் பேசுறேன்." சாயந்திரம் என் நம்பரைப் பிளாக் பண்ணியாச்சு. அவர்கள் வீடியோவுக்குக் கீழே நான் எழுதியதை அரை மணி நேரத்தில் அழித்துவிட்டார்கள். 86,500 ரூபாய்க்கு எனக்கு மிஞ்சியது அந்த நோட்டுத் தாள்.

இரவு வந்து ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனேன். பின் மட்கார்டில் பாதி இடத்தில் காந்தம் ஒட்டவே இல்லை, உள்ளே எல்லாம் பட்டி. மீதி இடத்தைத் தட்டினால் தகர டப்பா சத்தம். பழைய மட்கார்டைத் தட்டினால் இப்படிக் கேட்காது. அதுவும் போயிருக்கிறது. அம்மீட்டரும் எங்களுடையது இல்லை. இதற்கு மேல் பார்க்கத் தெம்பில்லாமல் மூடிப் போட்டுவிட்டேன்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியாச்சு. நுகர்வோர் ஆணையத்துக்கும் எழுதப் போகிறேன். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் அடித்தால் வழி சொல்கிறார்கள். போனில் பணம் அனுப்பிய நாலு ரசீதும் இருக்கிறது, அதுதான் ஒரே பிடி.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் செய்யுங்கள். வண்டியை விடுவதற்கு முன் இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் பென்சிலில் தேய்த்து, அதன் மேலேயே பட்டறைக்காரர் கையெழுத்தை வாங்குங்கள். தயங்கினால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். கழற்றிய பழைய சாமான் ஒரு போல்ட் விடாமல் சாக்கில் கட்டிக் கேளுங்கள். பில் இல்லாமல் காசு அனுப்பாதீர்கள். எடுக்கப் போகும்போது சட்டைப் பையில் காந்தம் இருக்கட்டும். வீட்டில் வண்டியை ஓட்டிய பெரியவர் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள், அவர் ஏதாவது சொன்னால் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

இன்னொன்று, உதவி. 2024 நவம்பருக்கு முன்னும் பின்னும் யாராவது பழைய 350 இன்ஜின் தனியாக வாங்கியிருந்தால், அல்லது புதுப்பித்த வண்டி வாங்கியிருந்தால், குனிந்து இடது பக்க இன்ஜின் கேஸைப் பாருங்கள். செயின் ஓடுகிற பக்கம், ஒரு விரல் நீளத்துக்கு வெல்டிங் தழும்பு, நடுவில் ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் பள்ளம். நீங்களும் ஏமாந்து வாங்கியவராகத்தான் இருப்பீர்கள், உங்களிடம் சண்டைக்கு வரமாட்டேன். ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்கள், அப்பாவிடம் காட்ட வேண்டும்.