கவாத்துக் கத்தியின் அலைவு நேரம்: திருப்பு விசையா, ஆற்றலா, நூலா?

ஒரு புள்ளியில் தொங்கி ஆடும் திண்பொருளே கூட்டு ஊசல். அதன் அலைவு நேரத்தை, அதாவது ஒருமுறை போய்த் திரும்பும் நேரத்தைக் கணக்கிட, அதைச் சுழற்றும் திருப்பு விசையிலிருந்து தொடங்கலாம். ஆற்றல் அழியாமையிலிருந்தும் தொடங்கலாம். சிறிய வீச்சுக்கு (ஆடும் கோணத்துக்கு) இரண்டும் ஒரே விடையைத்தான் தருகின்றன: நிலைமத் திருப்புத்திறனை (சுழற்றுவதற்குப் பொருள் காட்டும் எதிர்ப்பின் அளவை), நிறை, ஈர்ப்பு முடுக்கம், தொங்குபுள்ளியிலிருந்து நிறை மையத்தின் தொலைவு ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 2 பையால் பெருக்க வேண்டும். காற்றுத் தடையையும் உராய்வையும் சேர்க்க வேண்டுமானால் திருப்பு விசைச் சமன்பாடே வசதியானது. கிண்ணத்துக்குள் உருண்டு ஆடும் குண்டு போன்றவற்றுக்கு ஆற்றல் முறை வேலையைப் பாதியாக்கிவிடும்.

ஆனால் இரண்டுமே நிலைமத் திருப்புத்திறன் கைவசம் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நகர்கின்றன. ஒரு முனையில் தொங்கும் 1 மீட்டர் சீரான கம்பிக்குச் சூத்திரம் உண்டு. விடை சுமார் 1.64 விநாடி. குன்னூர்த் தேயிலைத் தோட்டத்தில் செடிகளை வெட்டிச் சீராக்கும் கவாத்துக் கத்தியை, கைப்பிடியில் துளையிட்டு ஆணியில் மாட்டினால் என்ன செய்வது? வளைந்த அலகுக்கும் மரப்பிடிக்கும் எந்தப் பாடநூலிலும் சூத்திரம் கிடைக்காது.

இங்கேதான் நூல் முறையை நான் முதலிடத்தில் வைக்கிறேன். ஆணியின் மட்டத்திலேயே ஒரு நூலில் சிறு பித்தளைக் குண்டைத் தொங்கவிட்டு, இரண்டையும் ஒரே கோணத்திலிருந்து ஒன்றாக விட்டு, அவை பிரியாமல் சேர்ந்து ஆடும்வரை நூலின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். நீளம் 1 சதவீதம் பிசகினாலும், 20 அலைவுகளுக்குள் ஒன்று மற்றதைவிட ஓர் அலைவின் பத்தில் ஒரு பங்கு பின்தங்குவது கண்ணுக்கே தெரியும். பொருந்திய நீளத்தை, குண்டின் மையம்வரை அளந்து, கத்தியின் நிறையாலும் நிறை மையத் தொலைவாலும் பெருக்கினால் நிலைமத் திருப்புத்திறனே கிடைத்துவிடும். நிறை மையத்தைக் கண்டறிய, கத்தியை ஓர் அளவுகோலின் விளிம்பில் சமன் செய்து பார்த்தாலே போதும். அலைவு நேரம் மட்டும் தேவையென்றால் நிறுத்துக் கடிகாரமே சுருக்கமான வழி என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஒப்பிட்டுப் பொருத்தும்போது ஈர்ப்பு முடுக்கம் இருபுறமும் நீங்கிவிடுவதால், ஊட்டியில் கிடைக்கும் நூல் நீளமே சென்னையிலும் கிடைக்கும். நேரமாக மாற்றுகையில் மட்டும் அதன் 9.78 மீ/வி² என்ற மதிப்பு நுழைகிறது. ஊட்டியின் ஏறத்தாழ 2240 மீட்டர் உயரம் அலைவு நேரத்தைக் கூட்டுவது பத்தாயிரத்தில் நான்கு பங்கைத் தாண்டாது. 20 பாகை வீச்சோ முக்கால் சதவீதத்தைக் கூட்டிவிடும். மலைக்காற்று கத்தியைவிடக் குண்டையே எளிதில் அலைக்கழிக்கும் என்பதால், பொருத்திப் பார்க்கும் நேரத்தில் சன்னல்களைச் சாத்திவிடுவது நல்லது.